கரண்டு பில்லில் 1.6 விழுக்காடு: செம்பனைக் கழிவு மின்சாரம் நம் வீடுவரை ஏன் வரவில்லை?

வீட்டு கரண்டு பில்லை எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘கேடபிள்யூடிபிபி’ என்று ஒரு வரி கண்ணில் படலாம். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்காக வசூலிக்கப்படும் தொகை அது. 2011 டிசம்பரில் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014 ஜனவரியில் 1.6 விழுக்காடானது. மாதம் 300 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு விலக்கு கொடுத்துத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். 200 ரிங்கிட் பில் என்றால் 3 ரிங்கிட் 20 சென் இதற்குப் போகிறது.

இந்த நிதி எந்தெந்த மின்சாரத்துக்கு என்று கேட்டால், சூரிய ஒளி, சிறு நீர்மின் நிலையம், உயிரிவாயு என்று பட்டியல் நீளும். அதில் ஒன்று பயோமாஸ், அதாவது உயிரிப்பொருள். நம் ஊரில் உயிரிப்பொருள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது செம்பனைக் கழிவுதான். ஆலை வாசலில் மலைபோல் குவிகிறது. “குப்பைதானே, எரிச்சா கரண்டு வந்துடும்ல?” என்று தோன்றுவது இயல்பு.

எரித்தால் வரும்தான். செம்பனை ஆலைகள் பல தலைமுறைகளாகத் தங்கள் கழிவை எரித்தே ஓடுகின்றன. ஆலைக்குள் எரிகிற அந்த விளக்கு பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் வராததற்குக் காரணம் ஈரம், தூரம், விலை ஆகிய மூன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆலைக்கு மின்சாரம் எங்கிருந்து?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில்தான் உருவானது. ஆண்டு 1917. இடம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகில். தோட்டத்தின் பெயர் தென்னமாரம். தமிழ்த் தென்னைமரம்தான் அது. தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபொக்கோனியே. பெயரே சொல்லிவிடும், அங்கே உழைத்தவர்கள் யார் என்று.

அறுத்த பழக்குலையை அதிக நேரம் வைத்திருக்க முடியாது. எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அதனால்தான் ஆலைகள் தோட்டத்துக்குள்ளேயே, ஊரிலிருந்து தள்ளி எழுந்தன. மின்கம்பி எட்டாத இடங்கள் அவை. ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எரிபொருள் கையிலேயே இருந்தது.

1 டன் பழக்குலை ஆலைக்குள் போனால் என்னென்ன வெளியே வரும்? தோராயமான கணக்கு இது:

• செம்பனை எண்ணெய்: 200 கிலோ
• பழங்கள் உதிர்ந்த பிறகு மிஞ்சும் வெறுங்குலை: 220 கிலோ
• சதையைப் பிழிந்த பின் மிஞ்சும் நார்: 130 கிலோ
• கொட்டை ஓடு: 60 கிலோ
• கழிவுநீர்: சுமார் 650 கிலோ (ஆலை சேர்க்கும் தண்ணீரும் இதில் அடக்கம்)

நாரும் ஓடும் ஓரளவு காய்ந்தவை, நன்றாக எரியும். அவை நேராகக் கொதிகலனுக்குள், அதாவது பாய்லருக்குள் போகும். அங்கே உருவாகும் அழுத்தமான நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தரும். டர்பைனை விட்டு வெளியே வரும்போது அழுத்தம் குறைந்திருக்கும், ஆனாலும் அதில் சூடு நிறைய மிச்சமிருக்கும். அந்த நீராவியைக் கொண்டே பழக்குலைகளை வேகவைப்பார்கள். ஒரே நீராவி, இரண்டு வேலை. இதைத்தான் பொறியியலில் கூட்டு உற்பத்தி என்கிறார்கள்.

1 டன் குலையைப் பதப்படுத்த ஆலைக்குச் சுமார் 20 யூனிட் மின்சாரம் போதும். மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலை என்றால் 1 மெகாவாட்டுக்குச் சற்று மேல். நாரும் ஓடுமே அதைக் கொடுத்துவிடும். வெறுங்குலையைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

அப்படியென்றால் மிச்சத்தை விற்கலாமே?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1 டன் குலையிலிருந்து கிடைக்கும் நாரிலும் ஓட்டிலும் உள்ள வெப்பம் ஏறக்குறைய 600 யூனிட்டுக்குச் சமம். அதில் ஆலை மின்சாரமாக எடுப்பது வெறும் 20. அதாவது 3 விழுக்காடு சொச்சம். மீதியில் பெரும்பகுதி பழத்தை வேகவைக்கப் போகிறது, மற்றது புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது.

இது கவனக்குறைவு இல்லை. பல ஆலைகளின் கொதிகலன்கள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டன. யோசித்துப் பாருங்கள்: மின்சாரத்தை வாங்க ஆள் இல்லாத காட்டில், எரிபொருளைச் சிக்கனமாக எரித்தால் என்ன ஆகும்? நாரும் ஓடும் தேங்கி, அவற்றை அப்புறப்படுத்துவதே தனிச் செலவாகிவிடும். அதனால் கொதிகலன் மின்சாரம் தருவதோடு குப்பை எரிக்கும் அடுப்பாகவும் வேலை செய்தது. 20 பார் அளவு அழுத்தம் அதற்குப் போதும். விற்பனைக்கு மின்சாரம் தயாரிக்கும் நிலையத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு அழுத்தமும் வேறு வகை டர்பைனும் தேவை. இரண்டும் விலை கூடியவை.

காகித ஆலைகள் எப்படிச் சமாளிக்கின்றன?

இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்த ஒரு தொழில் இருக்கிறது. மரக்கூழ் ஆலை. மரச் சில்லுகளை ரசாயனத்தில் வேகவைத்தால் ஏறக்குறைய பாதி மரம் கூழாக மாறும், காகிதமாகும். மற்ற பாதி, அந்த ரசாயனத்தோடு கலந்து ‘பிளாக் லிக்கர்’ என்னும் கறுப்புச் சாறாகத் தங்கிவிடும்.

அந்தச் சாற்றைக் கொட்டினால் ஆறு நாசமாகும், விலை உயர்ந்த ரசாயனமும் போய்விடும். அதனால் அதைச் சுண்டக் காய்ச்சி, தனி வகைக் கொதிகலனில் எரிக்கிறார்கள். ரசாயனம் அடியில் உருகித் திரும்பக் கிடைக்கிறது. மேலே நீராவி, அதிலிருந்து மின்சாரம். ரசாயனத்தை மீட்பதற்காக எப்படியும் எரித்தாக வேண்டும். மின்சாரம் கூடவே வருகிற லாபம். பின்லாந்தின் எனெகொஸ்கி நகரில் 2017 இல் திறக்கப்பட்ட கூழ் ஆலை, தனக்குத் தேவையான மின்சாரத்தைப்போல 2.4 மடங்கு தயாரிக்கும்படி கட்டப்பட்டது. மிச்சம் நாட்டின் மின்கட்டமைப்புக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு விதமான உதாரணம் உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1979 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்து பெயர் பெற்றது. ஆனால் சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தானே ஓடுகின்றன? எரிபொருளை எப்படிக் கொடுக்கும்? அதனால் ஒரு பண்டமாற்று. சர்க்கரை ஆலைக்கு நீராவி தயாரிக்க நிலக்கரியும் கொதிகலனும் காகித நிறுவனம் ஏற்பாடு செய்தது. பதிலுக்குச் சக்கையை எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டு கதைகளும் ஒன்றைச் சொல்கின்றன. ஆலைக் கழிவு சும்மா கிடக்கும் பொருள் இல்லை. அதற்கு எப்போதும் வேறொரு பயன், வேறொரு விலை இருக்கிறது. மின்சாரம் அந்த விலையோடு போட்டி போட வேண்டும்.

முதல் தடை: ஈரம்

இப்போது வெறுங்குலைக்கு வருவோம். ஆலையில் மிஞ்சும் திடக் கழிவில் அதுதான் அதிகம், அதுதான் சிக்கலும். நீராவியில் வெந்து வெளியே வரும் வெறுங்குலையில் சுமார் 65 விழுக்காடு தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் போட்டால், எரியும் சூட்டில் ஒரு நல்ல பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். மழையில் நனைந்த விறகைப் பற்றவைக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் துண்டாக்கி, பிழிந்து, உலர்த்த வேண்டும்.

இன்னொரு தொல்லை பொட்டாசியம். வெறுங்குலையில் அது நிறைய உண்டு. எரியும்போது சாம்பலை உருகவைத்து, கொதிகலன் குழாய்களில் கண்ணாடி மாதிரிக் கெட்டியாகப் படியவைக்கும். அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். அதே பொட்டாசியம் மண்ணுக்கு நல்ல உரம். அதனால்தான் பல தோட்டங்கள் வெறுங்குலையை மறுபடியும் மரங்களுக்கு இடையில் பரப்பிவிடுகின்றன. உரச் செலவு மிச்சம், மண்ணின் ஈரமும் காக்கப்படுகிறது. எரிப்பதைவிட அது புத்திசாலித்தனம் என்று ஒரு தோட்ட மேலாளர் முடிவெடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது தடை: தூரம்

ஈரத்தையும் சமாளித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 1 டன் பழக்குலையிலிருந்து வரும் வெறுங்குலை, நல்ல மின் நிலையத்தில் ஏறக்குறைய 75 யூனிட் தரும். மாதம் 300 யூனிட் செலவாகும் ஒரு வீட்டுக்கு, மாதம் 4 டன் பழக்குலையின் கழிவு வேண்டும்.

ஒரு நடுத்தர ஆலையின் வெறுங்குலை முழுவதையும் எரித்தாலும் 2 முதல் 3 மெகாவாட்தான் கிடைக்கும். அவ்வளவு சின்ன நிலையம் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. 10 மெகாவாட்டாவது வேண்டும் என்றால் நாலைந்து ஆலைகளின் கழிவை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு 600 டன். 10 டன் ஏற்றும் லோரி என்றால் தினமும் 60 நடை.

அந்த 60 லோரிகளில் 39 லோரிகள் சுமப்பது தண்ணீரை! மீதி 21 தான் எரிபொருள். டீசல் எரித்துத் தண்ணீர் சுமப்பது மாதிரி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, செம்பனை ஆண்டு முழுக்க ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் காய்ப்பு குறையும், பிற்பகுதியில் கூடும். மின் நிலையமோ 12 மாதமும் ஓடியாக வேண்டும்.

மின்சாரத்தை அனுப்புவதற்கும் தூரம் உண்டு. தோட்டத்திலிருந்து அருகிலுள்ள துணை மின் நிலையம்வரை கம்பி இழுக்க வேண்டும். அந்தச் செலவு மின்சாரம் விற்க வருபவரின் தலையில்.

மூன்றாவது தடை: விலை

2001 மே மாதம் அரசாங்கம் சிறிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நிலையம் அதிகபட்சம் 10 மெகாவாட்வரை மின்கட்டமைப்புக்கு விற்கலாம். 2005 க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு இப்படி வரும் என்று எட்டாவது மலேசியத் திட்டம் எதிர்பார்த்தது.

2005 முடிவில் இந்தத் திட்டத்தின்கீழ் இணைந்தது 12 மெகாவாட் மட்டுமே. இரண்டே நிலையங்கள். ஒன்று சபாவில், குனாக் அருகே செம்பனைக் கழிவை எரிக்கும் டிஎஸ்எச் நிறுவனத்தின் நிலையம், 10 மெகாவாட். இன்னொன்று நம் பக்கத்திலேயே, பூச்சோங் ஆயர் ஈத்தாம் குப்பைமேட்டிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து எரித்த நிலையம், 2 மெகாவாட். கிள்ளான் பள்ளத்தாக்கின் சமையல் கழிவு அழுகிக் கொடுத்த மின்சாரம் அது. அதுவும் உயிரிப்பொருள் மின்சாரத்தில் ஒரு வகைதான்.

ஏன் இவ்வளவு குறைவு? ஆரம்பத்தில் யூனிட்டுக்குப் பேசப்பட்ட விலை 17 சென். பிறகு 21 சென்வரை உயர்ந்தது. அந்த விலையை நம்பிக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. பல ஆண்டுகளுக்கு எரிபொருள் தருகிறேன் என்று கையெழுத்திட ஆலைகளும் தயங்கின.

அதற்கான மாற்று 2011 இல் வந்தது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் நிறைவேறியது. நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான ‘சேடா’ உருவானது. ஃபீட்-இன் டேரிஃப் முறையின்கீழ் பயோமாஸ் மின்சாரத்துக்கு, 10 மெகாவாட் வரையிலான நிலையத்துக்கு யூனிட்டுக்கு 31 சென் அடிப்படை விலை, 16 ஆண்டுகளுக்கு உறுதி. சாதாரண மின்சாரத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நம் பில்லில் உள்ள அந்த வரியிலிருந்துதான்.

31 சென் விலையில் 1 டன் ஈரமான வெறுங்குலை சுமார் 105 ரிங்கிட் வருமானம் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. அதில்தான் லோரிக்கும், உலர்த்தலுக்கும், கொதிகலன் கடனுக்கும், சம்பளத்துக்கும் பார்க்க வேண்டும்.

கொட்டை ஓட்டின் கதை இன்னும் தெளிவு. காய்ந்தது, கெட்டியானது, கப்பலில் ஏற்றுவது எளிது. 2012 ஜூலையில் ஜப்பானும் இதேபோன்ற கட்டணத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே புதிதாக வந்த பயோமாஸ் நிலையங்கள் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கொட்டை ஓட்டை வாங்கத் தொடங்கின. நல்ல விலைக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கும்போது உள்ளூர் நிலையத்துக்கு யார் மலிவாகக் கொடுப்பார்கள்? நம் எரிபொருளில் நல்ல பகுதி கப்பலேறுகிறது. நாம் நிலக்கரியைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

காப்பாரை மூடிவிட முடியுமா?

கிள்ளான் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் காப்பார் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள் பழக்கமானவை. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் என மூன்றையும் பயன்படுத்தும்படி, மொத்தம் 2,420 மெகாவாட் திறனோடு வளர்ந்த நிலையம் அது. செம்பனைக் கழிவு அதற்கு ஈடாகுமா?

நாட்டில் ஆண்டுக்கு 90 மில்லியன் டன்னுக்கும் மேல் பழக்குலை ஆலைகளுக்குப் போகிறது. அத்தனையின் வெறுங்குலையையும், ஒரு கிலோகூட விடாமல் எரித்தாலும் கிடைப்பது சுமார் 7,000 மில்லியன் யூனிட். ஏறக்குறைய 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றின் ஓராண்டு உற்பத்தி. நாட்டின் மொத்த மின்சாரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. சின்ன அளவு இல்லைதான், ஆனால் இதை மட்டும் நம்பி நிலக்கரியை விட்டுவிட முடியாது. “செம்பனைக் கழிவே நாட்டுக்கே மின்சாரம் தரும்” என்று எங்காவது படித்தால், இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழிவுநீரைப் பாருங்கள்

லோரியே வேண்டாத கழிவு ஒன்று இருக்கிறது. ஆலையின் கழிவுநீர். முன்பெல்லாம் அதைத் திறந்த குளங்களில் தேக்கி அழுகவிடுவார்கள். அதிலிருந்து மீத்தேன் வாயு குமிழ்குமிழாக மேலே போகும். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரே எடைக்கு, கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது.

குளத்தை மூடி வாயுவைப் பிடித்து இயந்திரத்தில் எரித்தால், 1 டன் பழக்குலைக்கு ஏறக்குறைய 40 யூனிட் கிடைக்கும். ஆலையின் சொந்தத் தேவையைப்போல இரண்டு மடங்கு! உலர்த்த வேண்டாம், சுமக்க வேண்டாம். 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகள் இந்த வாயுவைப் பிடிக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை வாரியம் விதித்திருக்கிறது. அந்த மின்சாரத்தை விற்க முடியாத இடத்தில்கூட மீத்தேனை எரித்துவிடுவதே பெரிய நன்மை.

இந்த மின்சாரம் யாருக்கு அதிகம் தேவை?

2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியான தேசிய எரிசக்தி மாற்றுத் திட்டம், 2050 க்குள் மின்திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்கதாக்க இலக்கு வைத்திருக்கிறது. ஜோகூர் தஞ்சோங் பின் நிலையத்தில் நிலக்கரியோடு உயிரிப்பொருளைக் கலந்து எரிக்கும் முன்னோடித் திட்டமும் அதில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பயோமாஸ் செயல்திட்டமும் வந்தது.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாட்டின் செம்பனைப் பரப்பில் பாதிக்கும் மேல் சபாவிலும் சரவாக்கிலும் இருக்கிறது. அங்கிருந்து தீபகற்பத்துக்கு மின்கம்பி கிடையாது. சபாவின் கிழக்குக் கரையிலோ மின்தடை பழைய தலைவலி. லாஹாட் டத்துவில் 300 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டும் திட்டம் மக்கள் எதிர்ப்பைத் தொடர்ந்து 2011 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே வட்டாரத்தைச் சுற்றித்தான் செம்பனைத் தோட்டங்கள் அடர்ந்து கிடக்கின்றன. ஆலைகள் நெருக்கமாக இருப்பதால் லோரியின் தூரம் குறைவு, பக்கத்திலேயே மின்சாரத்துக்கு ஏங்கும் வீடுகள். நாம் பார்த்த மூன்று தடைகளில் இரண்டாவது, அங்கேதான் மற்ற இடங்களைவிடச் சுலபமாகத் தளர்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன? சூரியத் தகடு போட நம் வீட்டுக் கூரையே போதும். செம்பனைக் கழிவு மின்சாரம் இங்கே அவ்வளவாக வந்து சேராது, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் பில்லில் நாம் கட்டிய அந்த 3 ரிங்கிட் 20 சென், குனாக் பக்கம் ஒரு வீட்டில் விளக்கு அணையாமல் இருக்க உதவுமானால், அது வீண் செலவு இல்லை. உதவுகிறதா என்று கேட்கும் உரிமையும் அந்த 3 ரிங்கிட் 20 சென்னோடு சேர்ந்தே வருகிறது.